தலைக்கு எத்தனை தலையணை? நர்சிங் மதிப்பீடும் பராமரிப்புத் திட்டமும்

நர்சிங் முதலாம் ஆண்டில் எனக்குக் கொடுத்த முதல் நோயாளி ஒரு தாத்தா. காலை ஏழரை மணிக்குக் கேஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "தாத்தா, ராத்திரி நல்லா தூங்கினீங்களா?" என்று கேட்டேன். "தூங்கினேன்மா" என்றார். 'நோயாளி நன்றாக உறங்கினார்' என்று எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனேன். பக்கத்துப் படுக்கைக்காரர் என்னைத் திரும்பக் கூப்பிட்டார். "எங்கம்மா தூங்கினாரு? ராத்திரி முழுக்கக் கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தே இருந்தாரு. அவரு இருமின இருமல்ல நானும் தூங்கல."

தாத்தா பொய் சொன்னார் என்று நினைக்க முடியாது. சின்னப் பெண் ஒருத்தி வந்து அப்படிக் கேட்டால் பெரியவர்கள் "ஆமாம்மா" என்றுதான் சொல்வார்கள். போன இடத்தில் "சாப்பிட்டாச்சா" என்று கேட்டால் பசித்தாலும் "ஆச்சு ஆச்சு" என்று சொல்வதில்லையா, அதுபோலத்தான். தப்பு என் கேள்வியில் இருந்தது. பதிலையும் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுத்துவிட்டேன். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-ல் வெளியிட்ட நர்சிங் குறிப்புகளில் கிட்டத்தட்ட இதே கேள்வியை எடுத்துவைத்துக் கண்டித்திருக்கிறார். நன்றாகத் தூங்கினாரா என்று கேட்பதில் பயனில்லை, எத்தனை மணி நேரம் தூங்கினார், எந்த எந்த நேரத்தில் தூங்கினார் என்று கேட்க வேண்டும் என்கிறார். நான் அதைப் படித்தது பரீட்சைக்கு. புரிந்தது அந்தத் தாத்தாவிடம்.

சரி, நர்சிங் மதிப்பீடு என்றால் என்ன? டாக்டர் எழுதும் நோயின் பெயர் வார்டில் பத்துப் பேருக்கு ஒன்றாகவே இருக்கும். அதே நோய் இந்த ஒருவருடைய மூச்சை, தூக்கத்தை, சாப்பாட்டை, கழிப்பறைவரை நடக்கும் நடையை, பிழைப்பை என்ன செய்துவைத்திருக்கிறது என்று தேடித் திரட்டுவதுதான் மதிப்பீடு. வார்டில் அசெஸ்மென்ட் என்போம். திரட்டியதை வைத்து, எது பிரச்சினை, எதை முதலில் கவனிப்பது, எதற்குள் எந்த மாற்றம் தெரிய வேண்டும், அதற்கு யார் என்ன செய்வது என்று எழுதிவைத்தால் அது பராமரிப்புத் திட்டம், அதாவது கேர் பிளான்.

பாடத்தில் இது ஐந்து படிகளாக வரும். மதிப்பிடு, பிரச்சினைக்குப் பெயர் வை, திட்டமிடு, செய், செய்தது பலித்ததா என்று பார். நர்சிங் ஒரு தொடர்செயல் என்று 1955-ல் அமெரிக்க நர்ஸ் லிடியா ஹால் சொல்லிவைத்தார். 1961-ல் ஐடா ஜீன் ஒர்லாண்டோ, நோயாளிக்கு என்ன தேவை என்று நாமே முடிவுசெய்யாமல் அவரிடமே கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றார். 1967-ல் ஹெலன் யூராவும் மேரி வால்ஷும் இதை நான்கு படிகளாக வகுத்தார்கள். பிரச்சினைக்குப் பெயர் வைப்பது தனிப் படியாக நிலைத்தது 1973-ல் செயின்ட் லூயிஸ் நகரில் அதற்கென்றே முதல் மாநாடு கூடிய பிறகு. நம் பக்கம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) 1946-லேயே நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கிவிட்டது. படிகள் வகுக்கப்படும் முன்பே அங்கே படித்து வந்தவர்கள் நோயாளியைப் பார்த்துத் திட்டம் போட்டுத்தான் வேலை செய்திருப்பார்கள் என்பது என் ஊகம். பெயர்தான் பிறகு வந்தது.

வரலாறு இவ்வளவு போதும். ஒரு நோயாளியோடு நடந்து பார்த்தால்தான் இது விளங்கும்.

ஏழாம் படுக்கைப் பெரியம்மா

நான் சொல்லப்போகும் பெரியம்மா ஒரே ஆள் இல்லை. வெவ்வேறு வருடங்களில் பார்த்த சிலரைச் சேர்த்துப் பிசைந்த உருவம். வயது 64 என்று வைத்துக்கொள்ளுங்கள். பேருந்து நிலையத்தில் பூ விற்கிறவர். கேஸ் ஷீட்டில் 'இதயச் செயலிழப்பு' என்று இருக்கிறது. பெயரைக் கேட்டால் இதயம் நின்றுவிட்டது போலப் பயமாக இருக்கும். இதயம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, தேவையான அளவுக்கு ரத்தத்தை இறைக்கத்தான் வலுவில்லை. வலுவில்லாத மோட்டாருக்குப் பின்னால் தண்ணீர் தேங்குவதுபோல நுரையீரலிலும் காலிலும் நீர் தேங்கும்.

மதிப்பீடு நான் வாயைத் திறக்கும் முன்பே தொடங்கிவிடும். வார்டு வாசலிலிருந்து கட்டில்வரை பத்து அடி. அந்தப் பத்து அடியில் எவ்வளவோ தெரியும். சாய்ந்து படுத்திருக்கிறாரா, முழங்காலில் கையூன்றி முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிறாரா? உதடு என்ன நிறம்? மருமகளிடம் பேசும்போது ஒரு வாக்கியத்தை முடிக்கிறாரா, இரண்டு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்குகிறாரா? பெரியம்மா இரண்டு சொல்லுக்கு ஒரு முறை வாங்கினார்.

கையைப் பிடித்து நாடி பார்த்தேன். நிமிடத்துக்கு 104. கையை விடாமல், நாடி பார்ப்பதுபோலவே வைத்துக்கொண்டு மார்பைப் பார்த்து மூச்சை எண்ணினேன். முழு ஒரு நிமிடம். "மூச்சை எண்ணப்போறேன்" என்று சொல்லிவிட்டு எண்ணினால் யாருக்குமே மூச்சு மாறிவிடும், அதனால்தான் இந்தச் சின்னத் திருட்டுத்தனம். 26 வந்தது. வளர்ந்தவருக்கு 12 முதல் 20 வரை இயல்பு. நாடி, மூச்சு, ரத்த அழுத்தம், காய்ச்சல் என்று வழக்கமாக அளக்கும் வைட்டல்ஸில் அதிகம் ஏமாற்றப்படுவது இந்த எண்தான். வார்டில் இருக்கும் அத்தனை பேரும் நிமிடத்துக்குச் சொல்லிவைத்தாற்போல் 20 முறை மூச்சு விடுவதாகக் காட்டும் கேஸ் ஷீட்களைப் பார்த்திருக்கிறேன். யாரும் எண்ணவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் நிலைமை மோசமாகப் போகிறது என்று பல நேரம் முதலில் சொல்வதும் இதே எண்தான்.

ரத்த அழுத்தம் 150/90, காய்ச்சல் இல்லை. விரலில் மாட்டிய கருவி ரத்தத்தில் ஆக்சிஜன் 91 சதவீதம் என்றது. 95-க்குக் குறையாமல் இருக்க வேண்டியது. விரல் சில்லிட்டிருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ இந்தக் கருவி தப்பாகக் காட்டும். கருத்த தோலில் உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டவும் வாய்ப்பு உண்டு. ஆகவே எண் நன்றாக இருக்கிறதே என்று ஆளைப் பார்க்காமல் நகரக் கூடாது.

இந்த எண்களைச் சேர்த்துப் பார்க்க ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்து 2017-ல் திருத்தியது. பெரியம்மாவுக்குப் போட்டுப் பார்ப்போம். மூச்சு 25 அல்லது அதற்கு மேல் என்றால் 3. ஆக்சிஜன் 91 அல்லது அதற்குக் கீழ் என்றால் 3. நாடி 91 முதல் 110 வரை என்றால் 1. மற்றவை எல்லாம் பூஜ்யம். கூட்டினால் 7. ஏழைத் தொட்டாலே அவசரம் என்று அர்த்தம். அப்படியானால் மீதிக் கேள்விகள் காத்திருக்கலாம். தலைப்பக்கத்தை உயர்த்தி உட்காரவைத்து, டாக்டரைக் கூப்பிட்டு, அவர் சொன்னபடி ஆக்சிஜனும் நீர் பிரியும் ஊசியும் கொடுத்தோம். புத்தகத்தில் படிகள் ஒன்று முடிந்து ஒன்று வரும். வார்டில் முதல் படியில் ஒரு காலும் நான்காம் படியில் ஒரு காலுமாகத்தான் நிற்போம்.

டாக்டரிடம் போனில் சொல்வதற்கும் ஒரு வரிசை உண்டு. இப்போது என்ன நடக்கிறது, இவர் யார், பின்னணி என்ன, நான் பார்த்தது என்ன, எனக்கு என்ன வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைக்கு வந்த பழக்கம் இது. "சார், ஏழாம் பெட் பாட்டிக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்று சொன்னால் எதிர்முனையில் "சரி பாக்கறேன்" என்று வைத்துவிடுவார்கள். "மூச்சு 26, ஆக்சிஜன் 91, நீங்க இப்பவே வரணும்" என்றால் வருவார்கள்.

காலை அமுக்கிப் பார்ப்பது

ஒரு மணி நேரம் கழித்துப் பெரியம்மாவுக்கு மூச்சு கொஞ்சம் இறங்கியது. இப்போது தலைமுதல் கால்வரை பார்க்கலாம். கண்ணால் பார்ப்பது, தொட்டுப் பார்ப்பது, தட்டிப் பார்ப்பது, ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பது என்று நான்கு வழி. வயிற்றுக்கு மட்டும் வரிசை மாறும், தொடுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். தொட்டு அமுக்கினால் குடலின் சத்தம் மாறிவிடும்.

முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். நுரையீரலின் அடிப்பகுதியில் மெல்லிய பொரிபொரிப்பு. இந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் காதுக்குப் பக்கத்தில் ஒரு கற்றை முடியை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். அதேதான்.

பிறகு கால். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து சில நொடி அமுக்கிப் பிடித்து எடுத்தேன். வெண்ணெயில் விரல் பதிந்ததுபோலக் குழி விழுந்து, மேடாக நேரம் பிடித்தது. கொலுசு தோலில் வரி போட்டிருந்தது. மெட்டி சுழலவே இல்லை. "இது எப்பம்மா இப்படி இறுகிச்சு?" என்றேன். "போன அமாவாசைக்குச் சுத்திச்சு கண்ணு. இப்பதான் ஒரு வாரமா." மெட்டி கொடுத்த தேதியை எந்தப் பரிசோதனை அறிக்கையும் கொடுக்காது. படுத்தபடுக்கையாக இருப்பவருக்கு நீர் காலில் இறங்காமல் இடுப்புக்குப் பின்னால் தேங்கும், அங்கே அமுக்கிப் பார்க்க வேண்டும்.

அப்படியே திரும்பிப் படுக்கச் சொல்லி இடுப்பெலும்பு, குதிகால் இரண்டையும் பார்த்தேன். படுக்கைப் புண் தொடங்கும் இடங்கள். அந்த ஆபத்தை அளக்க பார்பரா பிரேடனும் நான்சி பெர்க்ஸ்ட்ராமும் 1987-ல் வெளியிட்ட அளவுகோல் இருக்கிறது. உணர்வு, ஈரம், நடமாட்டம், அசைவு, சாப்பாடு, உராய்வு என்று ஆறு தலைப்பு. 6 முதல் 23 வரை மதிப்பெண், குறையக் குறைய ஆபத்து. 18-ல் இருந்தே உஷார் ஆகிவிட வேண்டும். மற்ற அளவுகோல்களையும் அந்தந்தப் போஸ்டிங்கில் பழகிக்கொள்ளலாம், முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

நான் கண்டது, எண்ணியது, அளந்தது எல்லாம் புறத்தகவல். இன்னொருவர் வந்து பார்த்தாலும் அதே வரும். நோயாளி சொன்னால்தான் தெரியும் என்பது அகத்தகவல். வலி, பயம், கிறுகிறுப்பு, நெஞ்சடைப்பு எல்லாம் அதில் சேரும். அகத்தகவலை அவருடைய சொல்லிலேயே எழுத வேண்டும். 'மூச்சுத்திணறல் உள்ளதாகக் கூறினார்' என்று எழுதுவதைவிட, '"நெஞ்சுல கல்லு வச்சாப்பல இருக்கு" என்றார்' என்று எழுதினால் அடுத்த டூட்டிக்கு வருபவருக்கு ஆள் தெரியும். மூச்சுத்திணறலையும் எண்ணாக்க ஒரு வழி உண்டு. "படுக்கும்போது தலைக்கு எத்தனை தலையணை வச்சுப்பீங்க?" பெரியம்மா ஒன்று வைத்துப் படுத்தவர். பிறகு இரண்டு. ஒரு வாரமாக மூன்று. முந்தின ராத்திரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தார். இதயம் பின்வாங்கியதை அவர் தலையணையில் எண்ணிக் காட்டிவிட்டார்.

மாத்திரை எங்கே போனது?

சாயங்காலம் வார்டு கொஞ்சம் அடங்கியபோது ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். நின்றுகொண்டு கேட்டால் நிற்கிற அவசரத்துக்குத்தான் பதில் வரும். "மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடுறீங்களாம்மா?" என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று இப்போது உங்களுக்கே தெரியும். காலையில் அட்மிஷனில் யாரோ கேட்டு 'மருந்துகள் தவறாமல் உட்கொள்கிறார்' என்று எழுதியும் வைத்திருந்தார்கள்.

நான் மருமகள் கொண்டுவந்த மஞ்சப்பையைக் கேட்டு வாங்கி, அட்டைகளைப் பிரித்துப் பார்த்தேன். பிரஷர் மாத்திரை தேதிப்படி சரியாகத் தீர்ந்திருந்தது. தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரை மட்டும் பாதிக்கு மேல் மிச்சம். அதைப் பற்றி ஒன்றும் கேட்காமல், "சாதாரணமா ஒரு நாள்னா, எந்திரிச்சதுல இருந்து என்னென்ன செய்வீங்க, சொல்லுங்களேன்" என்றேன்.

விடிகாலை நாலு மணிக்குப் பூ மார்க்கெட். ஆறு மணிக்குப் பேருந்து நிலையத்தில் கடை போட்டாக வேண்டும். மதியம் இரண்டு, இரண்டரைவரை அதே இடத்தில் உட்கார்ந்து கட்டிக் கட்டி விற்பது. கழிப்பறை அந்தக் கோடியில் இருக்கிறது. "கூடையை யாருகிட்ட விட்டுட்டுப் போறது சிஸ்டர்? அந்த மாத்திரையப் போட்டா அரை மணிக்கு ஒரு தடவை போகணும். அதான் யாவார நாள்ல போடுறதில்ல." முகூர்த்த மாதம் வேறு. வியாபாரம் இல்லாத நாளே கிடையாது. தண்ணீர் குடிப்பதையும் அதற்காகவே குறைத்துக்கொள்வார். வீட்டுக்கு வந்ததும் பழைய சோறு, ஊறுகாய், என்றைக்காவது கருவாடு.

மதிப்பீட்டில் எனக்கு ஒரே ஒரு பகுதியை மட்டும் விட்டுவைத்தால் இந்தப் பத்து நிமிடத்தைத்தான் கேட்டு வாங்கிக்கொள்வேன். இது தெரியாவிட்டால் நீரை வடித்து அனுப்புவோம், ஒரு மாதத்தில் அதே மூன்று தலையணையோடு திரும்பி வருவார், 'அறிவுரையைப் பின்பற்றவில்லை' என்று கேஸ் ஷீட்டில் எழுதுவோம்.

பெயர் வைப்பது

பிரச்சினைக்குப் பெயர் வைக்கும் படியை நர்சிங் டயக்னோசிஸ் என்போம். இதில் புதியவர்கள் தடுக்கி விழாமல் இருப்பது அபூர்வம். இதயச் செயலிழப்பு என்பது நோயின் பெயர், அதை டாக்டர் ஏற்கெனவே எழுதிவிட்டார். நர்ஸ் எழுதுவது அந்த நோயால் இவருக்கு வந்த கஷ்டம். அதற்கு மூன்று துண்டு வேண்டும். என்ன பிரச்சினை, எதனால், எதைப் பார்த்துச் சொல்கிறோம். பெரியம்மாவுக்கு இப்படி வரும்:

உடலில் நீர் மிகுதி. இதயத்தின் இறைக்கும் வலு குறைந்ததாலும் நீர் மாத்திரை விடுபட்டதாலும். இரு காலிலும் அமுக்கினால் குழி, நுரையீரல் அடியில் பொரிபொரிப்பு, எடை 61 கிலோ (சென்ற முறை டிஸ்சார்ஜ் ஆனபோது 57) ஆகியவற்றால் தெரிகிறது.

நான்கு கிலோ கூடியிருப்பது சதையோ கொழுப்போ இல்லை. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. கிட்டத்தட்ட நான்கு லிட்டர் நீரைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறார்.

இரண்டாவது பிரச்சினை நோயோடு நாளைச் சமாளிப்பது: மருந்து வேளையும் வேலை வேளையும் மோதுவதால் சிகிச்சை விடுபடுகிறது, மிச்ச மாத்திரை அதற்குச் சான்று. இந்த 'எதனால்' துண்டில்தான் திட்டத்தின் உயிர் இருக்கிறது. 'அறியாமையால்' என்று எழுதியிருந்தால் பாடம் நடத்தப் போயிருப்போம். பெரியம்மாவுக்கு மாத்திரை எதற்கு என்று நன்றாகவே தெரியும். இல்லாதது கழிப்பறை.

மூன்றாவது, விழும் ஆபத்து. இன்னும் விழவில்லை. அதனால் அறிகுறி என்று எழுத ஒன்றும் இருக்காது, ஆபத்துக்கான காரணங்களே சான்று. வயது, பலவீனம், நீர் ஊசியால் ராத்திரியில் அவசரமாக எழுந்து ஓடுவது, புது இடம், வழுக்கும் ரப்பர் செருப்பு.

எதை முதலில் எடுப்பது? மூச்சு. அதில் சந்தேகமே வேண்டாம். 1943-ல் ஆப்ரகாம் மாஸ்லோ எழுதிய தேவைகளின் வரிசை எல்லா நர்சிங் பாடத்திலும் முக்கோணமாக வரைந்திருக்கும், அதிலும் உடலின் தேவைதான் அடியில். ஆனால் பெரியம்மாவைக் கேட்டால் அவருடைய முதல் கவலை வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டிய வாடிக்கைப் பூ. அதையும் எழுதிக்கொண்டேன். யாராவது அதைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று தெரியாதவரை அவர் மூன்று நாள் படுக்கையில் இருக்கப்போவதில்லை. மருமகள் போன் போட்டுப் பக்கத்துக் கடை அக்காவிடம் சொல்லிவைத்தாள்.

எழுதுவதும் செய்வதும்

குறிக்கோள் எழுதும்போது 'நோயாளி நலம் பெறுவார்' என்று எழுதும் மாணவியின் நோட்டை எங்கள் டியூட்டர் தூக்கி மேசையில் போடுவார். எந்த நாளில், எதைப் பார்த்து, நலம் என்று சொல்வாய்? பெரியம்மாவுக்கு: 48 மணி நேரத்துக்குள் ஆக்சிஜன் வைக்காமலேயே மூச்சு 20-க்குள் இறங்கும், எடை 59-க்கு வரும், இரண்டு தலையணையில் படுத்துத் தூங்குவார். 'நர்ஸ் உப்பைப் பற்றி மூன்று முறை சொல்லித்தருவார்' என்பது குறிக்கோளில் சேராது, அது நம் வேலை. குறிக்கோளின் எழுவாய் எப்போதும் நோயாளி.

வேலைகளில் எடையைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், சுலபமாகக் கெட்டுப்போவது அதுதான். தினமும் காலையில், சிறுநீர் கழித்த பிறகு, டிபனுக்கு முன், அதே மெஷினில், அதே மாதிரி உடையில். ஒரு நாள் நைட்டியோடும் மறுநாள் சேலையோடும் நிறுத்தினால் நாம் அளப்பது துணியை.

அடுத்து, உடம்புக்குள் எவ்வளவு நீர் போனது, எவ்வளவு வெளியே வந்தது என்ற கணக்கு. உள்ளே போவதை டாக்டர் நாளுக்கு ஒன்றரை லிட்டர் என்று வரையறுத்திருந்தார். தண்ணீர் மட்டும் கணக்கு என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். காபி, கஞ்சி, ரசம், மோர், ஏறுகிற ட்ரிப்ஸ் எல்லாம் அதில் சேரும். வீட்டிலிருந்து வந்த டம்ளரில் ஒரு முறை தண்ணீர் ஊற்றி அளந்து, எத்தனை மில்லி என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் மருமகளே குறித்துவிடுவாள். சிறுநீரில்தான் வம்பு. அளக்கும் ஜாடியை, பாவம் அசிங்கமாக இருக்கிறதே என்று, சுத்தமாகக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். ஏன் அளக்கிறோம் என்று உடன் இருப்பவருக்குச் சொல்லாதவரை அந்த சார்ட் நிரம்பாது.

நீர் ஊசி போடும் முன் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், நீர் போகும்போது அதுவும் இறங்கும். நீரோடு பொட்டாசியமும் போகும். கெண்டைக்கால் இழுக்கிறது என்றாலோ நாடி தாளம் தப்பினாலோ உடனே சொல்ல வேண்டும். பொட்டாசியம் என்றதும் இளநீர் வாங்கிவர ஓடுவார்கள். பொறுங்கள், இதயத்துக்குக் கொடுக்கும் வேறு சில மாத்திரைகள் பொட்டாசியத்தைக் கூட்டும். ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும். விழும் ஆபத்துக்கு: கட்டிலைத் தாழ்த்தி, கழிப்பறைப் பக்கம் ராத்திரி ஒரு விளக்கு, எழும் முன் கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் உட்காரச் சொல்வது, மருமகளை எழுப்பாமல் போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்வது.

அப்புறம் அந்த மாத்திரை வேளை. அதை நர்ஸ் மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. ஆனால் மாற்றக் கேட்கலாம். வாய் வழியாகச் சாப்பிடும் அந்த நீர் மாத்திரை ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் அடங்கிவிடும். வழக்கமாகக் காலையில் கொடுப்பதே ராத்திரித் தூக்கம் கெடாமல் இருக்கத்தான். இவர் மதியம் இரண்டரைக்கு வீடு திரும்புகிறார். மூன்று மணிக்குப் போட்டால் ஒன்பதிலிருந்து பதினொரு மணிக்குள் எல்லாம் அடங்கித் தூங்கலாம். ரவுண்ட்ஸில் டாக்டரிடம் மிச்ச மாத்திரை அட்டையைக் காட்டி இதைச் சொன்னேன். "இதை இதுக்கு முன்னாடி யாரும் கேட்கலையா?" என்றபடி வேளையை மாற்றி எழுதினார்.

பலித்ததா?

மூன்றாம் நாள் காலை எடை 58.8. மூச்சு 20. ஆக்சிஜன் குழாய் இல்லாமல் 95. இரண்டு தலையணை, ஐந்து மணி நேரத் தூக்கம், நடுவில் ஒரு முறை விழிப்பு. முதல் பிரச்சினைக்கு 'குறிக்கோள் எட்டப்பட்டது' என்று எழுதலாம்.

உப்பு உடம்பில் நீரைப் பிடித்துவைக்கும், அதைக் குறைக்கச் சொல்லும் விஷயத்தில்தான் நான் தோற்றேன். இரண்டு நாளாக நான் சொன்னதற்கெல்லாம் "சரி சிஸ்டர், சரி சிஸ்டர்" என்று தலையாட்டினார். மூன்றாம் நாள், "வீட்டுக்குப் போய் மருமகளுக்கு எப்படிச் சொல்வீங்க, எனக்குச் சொல்லிக் காட்டுங்க" என்றேன். "உப்பே வேணாம்னுட்டு இந்துப்பு வாங்கிப் போடச் சொல்வேன்" என்றார். இந்துப்பும் உப்புதான். அதிலும் சோடியம்தான் பெரும்பங்கு. கடையில் சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள், அது இவருக்கு வேறு வகையில் ஆபத்தாகலாம். அதனால் திட்டத்தைத் திருத்தினேன். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் நிறுத்தம். பழைய சோற்றுக்குச் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும், உப்பில்லாத மோரில் எலுமிச்சையும் கறிவேப்பிலையும். பெரியம்மா முகம் சுளித்தார். கருவாட்டுக்கு மட்டும் கொஞ்ச நேரம் பேரம் நடந்தது, நான் விட்டுக்கொடுக்கவில்லை. மறுநாள் திரும்பச் சொல்லச் சொன்னபோது இந்துப்பு போயிருந்தது.

ராத்திரி டூட்டியில் மொத்த வார்டுக்கும் ஒரே நர்ஸ் இருக்கும்போது இவ்வளவையும் ஒவ்வொருவருக்கும் யார் எழுதுவது என்று கேட்பீர்கள். எழுத முடியாது. முதலாம் ஆண்டில் மாணவிகளைப் பத்துப் பக்கத்துக்கு எழுதவைப்பதே பின்னால் மூன்று வரியில் யோசிக்கத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். சீனியர் நோட்டைப் பார்த்துக் காப்பி அடித்த பத்துப் பக்கத்தைவிட, சொந்தமாகப் பார்த்து எழுதிய மூன்று வரி மேல். நானும் காப்பி அடித்தவள்தான், அதனால் உரிமையோடு சொல்கிறேன். அன்று நான் ராத்திரி டூட்டிக்கு ஹேண்டோவர் கொடுத்ததும் மூன்று வரிதான்: "ஏழாம் பெட். நீர் வடிஞ்சிட்டு வருது, ரெண்டு தலையணை, மூணு ஆச்சுன்னா டாக்டரைக் கூப்பிடுங்க. ராத்திரி தனியா எந்திரிப்பாங்க, கண்ணு வச்சுக்கங்க."

டிஸ்சார்ஜ் அன்று எடை 57.4. வீட்டில் எடை மெஷின் இல்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே மருந்துக்கடையில் இருக்கிறது என்று அவரே சொன்னார். கடை போடும் முன் தினமும் ஏறி நின்றுவிட்டு வருவதாக ஒப்புக்கொண்டார். ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் கூடினால், வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினால், மெட்டி சுழலாவிட்டால், தலையணை ஒன்று கூடினால், அடுத்த தேதிவரை காத்திருக்காமல் வரவும். நீர் மாத்திரை மதியம் மூன்று மணி.

அதை மருமகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, நாலாக மடித்து, சில்லறை வைக்கும் சுருக்குப் பைக்குள் வைத்துக்கொண்டார்.